கீமோ முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பல் மருத்துவம் பார்க்கும் நண்பர்களுக்கு,

தில்லைநகரில் கிராசுக்கு ஒன்றாவது நம் பலகை தொங்குகிறது. புத்தூர், உறையூர், கண்டோன்மென்ட், சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பாலம் தாண்டினால் மாம்பழச் சாலை, திருவானைக்கோவில், இந்தப் பக்கம் சித்திரை வீதிகள் என்று எங்கே திரும்பினாலும் பல் கிளினிக்தான். இத்தனை நாற்காலி இருந்தும், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தால், அவள் படியிறங்கும்போது காதில் விழுவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "கீமோ முடியட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

கீமோ எப்போது முடியும் என்று நாம் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றில் பெரும்பங்கு ஏ.எல்.எல். என்கிற வகை. அதற்கான சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று வருஷம் ஓடும். முதல் நாலைந்து வாரம் கடுமை. பிறகு பல மாதம் விட்டுவிட்டு ஊசியும் முதுகுத்தண்டில் மருந்தும். கடைசியில் ஒன்றரை, இரண்டு வருஷம் வீட்டிலேயே மாத்திரை. நாலு வயதில் நோய் தெரிந்த பிள்ளை எல்லாம் முடிந்து நம்மிடம் வரும்போது இரண்டாம் வகுப்பில் இருக்கும். நடுவில் ஆறு வயதில் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப்பல்லில் குழி விழுந்திருக்கும். அது பரவாயில்லை, பல்தானே. பல்லோடு நிற்காமல் போகும் சங்கதிதான் நான் சொல்ல வந்தது.

நம் பயம் எனக்குத் தெரியும். ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது? நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆகி, 'பல் டாக்டர் கை வைத்ததால்தான்' என்று பேச்சு கிளம்பினால்? நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயம் குறட்டின்மேல் இருக்க வேண்டும். வாய்க்கண்ணாடியின்மேல் எதற்கு? வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைத் திருப்பி, இரண்டு நிமிஷம் பார்ப்பதில் எந்தப் பிள்ளைக்கும் ரத்தம் கொட்டியதில்லை.

இந்தக் குழந்தைகளில் பலருக்குச் சிகிச்சை நடப்பது திருச்சியில் இல்லை. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர், புதுச்சேரி ஜிப்மர் என்று போகிறார்கள். சென்னைக்குப் போனவர்கள் ஊசி போட்டு முடித்ததும் மலைக்கோட்டை எக்ஸ்பிரசிலோ பல்லவனிலோ ஏறி ஸ்ரீரங்கத்தில் வந்து இறங்குகிறார்கள். இங்கேதான் நாட்கணக்கைக் கவனியுங்கள். கீமோ மருந்துக்கு நல்ல அணு, கெட்ட அணு பேதம் கிடையாது. வேகமாகப் பெருகும் எதையும் தாக்கும். வாயின் உட்தோல் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அதனால் மருந்து ஏறிய நாலைந்து நாளில் வாய் சிவக்கும், ஒரு வாரம் பத்து நாளில் புண்ணாகும். ரத்தத்தில் நியூட்ரோஃபில் அடிமட்டத்துக்கு இறங்குவதும் ஏறத்தாழ இதே சமயத்தில்தான். அதாவது வாய் வெந்துபோகும்போது பிள்ளை அடையாற்றில் இருப்பதில்லை. நம் தெருவில் இருக்கிறது. சென்னை டாக்டர் அந்த வாயை அடுத்த முறைதான் பார்ப்பார். பார்க்க வேண்டிய நாளில் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பது நாம்தான்.

வார்டில் தாய்மார்கள் இதை "கவுண்ட் இறங்கிடுச்சு" என்பார்கள். படிக்காத பெண்கூட 'நியூட்ரோஃபில் முந்நூறு, பிளேட்லெட் இருபதாயிரம்' என்று ஒப்பிப்பாள். நியூட்ரோஃபில் ஐந்நூறுக்குக் கீழே போய்விட்டால் கிருமியைத் தடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம். நம் எல்லோர் வாயிலும் சாதுவாகக் குடியிருக்கும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அந்தப் புண் வழியே ரத்தத்தில் இறங்கிவிடும். நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி, இந்தப் பிள்ளையை ஒரே ராத்திரியில் ஐ.சி.யு.வில் படுக்க வைக்கும்.

நாம் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. வேரில் சீழ் கட்டினால் ஈறு வீங்கும், சிவக்கும், கன்னம் உப்பும் என்றுதான் நாம் படித்தோம். சீழ் என்பதே செத்த நியூட்ரோஃபில்களின் குவியல். நியூட்ரோஃபிலே இல்லாத பிள்ளைக்குச் சீழ் எங்கிருந்து வரும்? ஈறு வெளிறி அமைதியாக இருக்கும். தட்டினால் வலிக்கும், காய்ச்சல் இருக்கும், அவ்வளவுதான். "வீக்கமே இல்லையே, பல்லால வந்த காய்ச்சல் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டால் போச்சு. இந்தப் பிள்ளைகளிடம் வீக்கத்தைத் தேடாதீர்கள், வலியைத் தேடுங்கள். சின்னப் பிள்ளைக்கு வலி என்று சொல்லத் தெரியாது. எச்சில் ஒழுகவிடும், பேச்சைக் குறைக்கும், பிடித்த முறுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டால் அது நம் வேலை இல்லை. அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்து, ரெண்டு நாள் கழித்து வரச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கால் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாயில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ராத்திரி ரயிலுக்காகக் காத்திருக்காமல் உடனே புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்தில் எது பெரியதோ அதற்கோ போகச் சொல்லுங்கள். புற்றுநோய் டாக்டருக்குப் போனை நீங்களே போடுங்கள். தாய் சொன்னால் நாலாவது முறைதான் எடுப்பார்கள். டாக்டர் என்றால் முதல் முறையே.

மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தார். பையனுக்கு ஐந்து வயது. மாஸ்க், தொப்பி, அப்பாவின் பழைய சட்டையைப் போர்த்திக்கொண்டு தோளில் கிடந்தான். "ரெண்டு பக்கமும் தாடை வலிக்குதுன்னு ராத்திரி பூரா அழுவுறான் மேடம். ஒரு எடத்துல காட்டுனோம். கடைவாய்ப் பல்லு சொத்தை, பிடுங்கணும், ஆனா கேன்சர் டாக்டர்ட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்கன்னுட்டாங்க." பார்த்தால் கீழ்க்கடைவாயில் ஒரு பக்கம் மட்டும் சின்னக் குழி. தட்டினேன், கண்கூட இமைக்கவில்லை. ஒரு பக்கச் சொத்தைக்கு இரண்டு தாடையும் ஏன் வலிக்க வேண்டும்? ஃபைலைப் புரட்டினேன். மூன்று நாளைக்கு முன்பு வின்கிரிஸ்டின் ஊசி. நரம்பைத் தொடும் மருந்து அது. போட்ட சில நாளில் தாடையைப் பிடித்து இழுக்கும் வலி வரும், தானே போய்விடும். அவனுடைய டாக்டரிடம் பேசி வலிக்கு மருந்து மாற்றினோம். அந்த வாரமே அடங்கியது. குழியைப் பிறகு கவுண்ட் ஏறிய ஒரு காலையில் அடைத்தேன். பால்பல், நோகாமல் சுரண்டி, கண்ணாடி ஐயனோமர் வைத்தால் முடிந்தது. பிடுங்கியிருந்தால்? பிளேட்லெட் குறைந்த வாரத்தில், வலிக்கே சம்பந்தமில்லாத பல்லை.

ஃபைலைப் புரட்டுவது என்று சொன்னேனே, அதுதான் இந்த வேலையில் பாதி.

இனி நாம் மருந்துச்சீட்டு எழுதும் பழக்கத்துக்கு வருகிறேன். வாய்ப்புண் என்றதும் நம்மில் யாருடைய பேனாவும் தானாக எழுதுவது பி காம்ப்ளெக்ஸ். நாம் எழுதாவிட்டாலும் மருந்துக்கடைக்காரர் கொடுத்துவிடுவார். சத்துமாத்திரைதானே, என்ன கெடுதல் என்று. அந்த மாத்திரைகளில் பலவற்றில் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. பிள்ளைக்கு ஏறுகிற மெத்தோட்ரெக்சேட் மருந்தின் வேலையே ஃபோலிக் ஆசிடைச் செயல்படவிடாமல் தடுப்பது. ஒரு கையால் ஆஸ்பத்திரி தடுப்பதை மறு கையால் நாம் ஊட்டிவிடுகிறோம். சில முறைகளில் மெத்தோட்ரெக்சேட்டை அதிக அளவில் ஏற்றிவிட்டு, லூக்கோவோரின் என்ற மாற்று மருந்தை மணி கணக்கிட்டுக் கொடுத்து உடம்பைக் காப்பாற்றுவார்கள். எப்போது, எவ்வளவு என்று ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துத் தீர்மானிக்கிற விஷயம் அது. அதில் நம் சத்துமாத்திரைக்கு இடமே இல்லை.

இதைச் சொல்லும்போது எல்லப்பிரகட சுப்பாராவ் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1895ல் பீமவரத்தில் பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். ஸ்ப்ரூ என்ற நோய் அவருடைய இரண்டு அண்ணன் தம்பிகளைச் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அவருக்கும் அது வந்தது. வயிறு ஓடும், ரத்தம் வற்றும், நாக்கு தோலுரிந்து செக்கச் சிவந்து எதையும் விழுங்க விடாது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதியின் மருந்தில் பிழைத்தார். (ஆயுர்வேதக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்கள், படட்டும், தப்பில்லை.) பிறகு அமெரிக்கா போனார், ஹார்வர்டில் இருந்தார், 1940ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு வந்தார். அவருடைய குழு 1945ல் ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகச் செய்து காட்டியது. ஸ்ப்ரூவுக்கும் சில வகை ரத்தசோகைக்கும் அது மருந்து.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தைகள் நோயியல் மருத்துவர், ரத்தப் புற்று வந்த பிள்ளைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதில் வேகம் எடுப்பதுபோல் பட்டது. அப்படியானால் இதற்கு எதிரானதைக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். சுப்பாராவின் குழு அமினோப்டெரின் செய்து அனுப்பியது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகள். அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான். ஆனாலும் பிள்ளைகளின் ரத்தப் புற்று மருந்துக்குக் கட்டுப்படும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். அதன் தம்பிதான் இன்றைய மெத்தோட்ரெக்சேட். அந்த முதல் குழந்தைகளிலேயே டாக்டர்கள் கவனித்த பக்கவிளைவு, வாய் வேகிற புண். ஃபோலிக் ஆசிட் இல்லாமல் ஸ்ப்ரூவில் வெந்த அதே வாய், ஃபோலிக் ஆசிடைத் தடுத்ததால் மறுபடி வெந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார், 53 வயதில். நம் ஊரில் ஒரு பல் டாக்டர் இந்தப் பிள்ளைக்கு பி காம்ப்ளெக்ஸ் எழுதும்போது, அந்த மனிதருடைய மருந்தோடுதான் மல்லுக்கு நிற்கிறார். தெரிந்து செய்தால் சரி.

நம் நாட்டுக்கு வந்தால், 1980களில் அடையாறு புற்றுநோய் நிலையமும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் டெல்லி எய்ம்சும், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையை எடுத்துவந்தன. நம் பிள்ளைகள் அதிகமாகப் பிழைக்கத் தொடங்கியது அதிலிருந்து. அடையாறு நிலையத்தை 1954ல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர் என்பதைச் சொல்லிக்கொள்ளாமல் விட மனமில்லை. இன்று வசதியான நாடுகளில் ஏ.எல்.எல். வந்த பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நாம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. நோய் திரும்புவது ஒரு காரணம். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது இன்னொன்று. மூன்றாவது, சிகிச்சை நடக்கும்போதே வரும் தொற்று. இந்த மூன்றாவதில் நமக்குப் பங்கு இருக்கிறது. கொஞ்சம்தான்; ஆனால் வேறு யாரும் எடுத்துச் செய்யாத கொஞ்சம்.

அந்த வாயில் என்ன பார்க்கப் போகிறோம்? அதிகம் கண்ணில் படுவது வெள்ளைப் படலம், கேண்டிடா. பாட்டிமார் அக்கரம் என்பார்கள். தயிர் ஒட்டியிருப்பதுபோல இருக்கும். துணியால் துடைத்தால் அடியில் சிவந்த தசை. முதல் மாதத்தில் ஸ்டீராய்டு அள்ளிக் கொடுப்பதால் அப்போது அதிகம். உதட்டோரம் வெடித்திருந்தாலும் பெரும்பாலும் அதுதான். பூசுகிற மருந்தோடு நின்றால் நல்லது. வாய்க்குப் போட்ட மருந்து போதவில்லை என்று இட்ராகோனசோல் மாத்திரை எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் படர்தாமரைக்கெல்லாம் அது சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. இந்தப் பிள்ளைக்கு அப்படி இல்லை. வின்கிரிஸ்டினை உடம்பிலிருந்து வெளியேறவிடாமல் அது தேக்கும். குடல் அசையாமல் போகும், நரம்பு தளரும், வலிப்புகூட வரலாம். பூஞ்சைக்கு எந்த மாத்திரை என்பதைப் புற்றுநோய் டாக்டர் முடிவு செய்யட்டும்.

அடுத்தது ஹெர்ப்பிஸ். கீமோ புண் பெரும்பாலும் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, உதட்டின் உள்பக்கம் என்று மெத்தென்ற இடங்களில் வரும். மேலண்ணத்திலும் ஈற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளம் கொத்தாகக் கண்டால் ஹெர்ப்பிஸை நினையுங்கள். அசைக்ளோவிர் கொடுத்தால் அடங்கும் நோயை, கீமோ புண் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருப்பது அநியாயம்.

மேலண்ணத்தில் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தால் அதற்குமேல் எதையும் பார்க்க வேண்டாம். 2021ல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்று ஊரே நடுங்கியதே, அதே மியூகார். ஸ்டீராய்டும் நியூட்ரோஃபில் இல்லாமையும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். மணிக்கணக்கு முக்கியம். படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையை நேரே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுங்கள்.

வலிக்குக் கடையில் கிடைக்கும் ஜெல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோலின் சாலிசிலேட் ஜெல் ஆஸ்பிரின் குடும்பம். பிரிட்டனில் 2009லேயே பதினாறு வயதுக்குக் கீழே வேண்டாம் என்றார்கள். பிளேட்லெட் குறைந்த பிள்ளைக்கு அது எப்படி ஆகும்? இபுபுரோஃபனும் அதே கதை. பாராசிட்டமாலைக்கூடக் கேட்காமல் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துபோய், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ராத்திரி தூக்கத்தில் கழிந்துவிடும்.

சரி, எது முடியும்? மருந்து தொடங்குவதற்கு முன் வாயைப் பார்த்துவிடுவது எல்லாவற்றிலும் மேல். 2002–03ல் எடுத்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குச் சொத்தை இருந்தது. ரத்தப் புற்று வந்த பிள்ளை மட்டும் விதிவிலக்கா? சங்கடம் என்னவென்றால், ஏ.எல்.எல். என்று தெரிந்த சில நாளில் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். பல்லைப் பிடுங்கினால் புண் ஆற ஒரு வாரம் பத்து நாளாவது வேண்டும். அந்த அவகாசம் கிடைக்காது. அதனால் அந்த முதல் பார்வையில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று இறங்காதீர்கள். எந்தப் பல் ஆபத்து, எது பொறுக்கும், ஆடுகிற பால்பல் எது, குத்துகிற கூர்முனை எது என்று எழுதிவையுங்கள். கூர்முனையைத் தேய்த்துவிடுங்கள். பல்லில் கம்பி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். சிகிச்சை நடுவில் கவுண்ட் ஏறும் நாட்கள் வரும். நியூட்ரோஃபில் ஆயிரத்துக்கு மேல் ஏறி, பிளேட்லெட்டும் தேறியிருக்கும் அந்த நாட்களில் மீதியைச் செய்யலாம். பிளேட்லெட் 50,000க்குக் கீழே இருக்கும்போது குறடு வெளியே வரக் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால் ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் ஏற்றிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. கீழ்த்தாடைக்கு நரம்பு ப்ளாக் போடுவதையும் அப்போது மறந்துவிடுங்கள். உள்ளே ரத்தம் கட்டி மூச்சுவழியை அமுக்கும்.

புற்றுநோய் டாக்டர்களையும் இங்கே கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும். நம்மிடம் வரும் சீட்டில் 'டென்டல் ஃபிட்னஸ்' என்று ரெண்டே வார்த்தை இருக்கும். எந்த மருந்து, எப்போது ஏறியது, இன்றைய கவுண்ட் என்ன, ஒன்றும் இருக்காது. திருமணத்துக்கு ஜாதகம் கேட்பதுபோல ஒரு கையெழுத்து வேண்டும், அவ்வளவே. அந்த விவரம் இல்லாமல் நாம் பயப்படுவதில் தப்பு சொல்ல முடியாது. கேட்டு வாங்குவோம்.

வீட்டில் நடப்பது தனிக் கதை. பிளேட்லெட் குறைந்ததும் பல் தேய்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஈற்றில் ரத்தம் வரும் என்ற பயம். தேய்க்காத ஈறுதான் வீங்கி இன்னும் கசியும். மிருதுவான சின்ன ப்ரஷ், நாளுக்கு இரண்டு முறை, கவுண்ட் என்னவாக இருந்தாலும். கொட்டுகிற அளவுக்கு ரத்தம் வரும் நாட்களில் மட்டும் சுத்தமான காஸ் துணி. கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சமையல் சோடாவும் போட்டுச் சாப்பிட்டபின் கொப்பளிக்கச் சொன்னால் போதும். விலை உயர்ந்த மவுத்வாஷில் சாராயம் இருந்தால் புண்ணில் நெருப்பு வைத்த மாதிரி எரியும். பிள்ளை அதற்கப்புறம் வாயையே திறக்காது.

பாட்டிகளோடு சண்டை வேண்டாம். "உடம்பு சூடு, அதான் வாய் வெந்திருக்கு" என்பார்கள். மணத்தக்காளிக் கீரையை நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுக்கட்டும், வெண்ணெய் தடவட்டும். ஒன்றும் குடி முழுகாது. மாசிக்காயை உரசி, காட்டில் பறித்த எதையோ இடித்து, புண்ணில் நேரே அப்புவதை மட்டும் கைகூப்பிக் கேட்டு நிறுத்துங்கள். தேன் என்றால், சொத்தைப் பல்லுள்ள பிள்ளைக்கு ராத்திரி தூங்கும் முன் வேண்டாம். ராத்திரி இனிப்பு சிரப் மருந்துக்கும் இதே சொல்ல வேண்டும்: குடித்ததும் தண்ணீர் விட்டு வாய் கொப்பளிக்கணும். ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு கோவில் தீர்த்தமும் பிரசாதமும் பிள்ளைக்குக் கொடுக்காதே என்று சொல்வது லேசான காரியமில்லை. கவுண்ட் இறங்கியிருக்கும் நாட்களில் மட்டும் வேண்டாம், ஏறினதும் பெருமாளே கூப்பிடுவார் என்று நான் சொல்வது வழக்கம். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில பிள்ளைகள் நோய் தெரியுமுன்பே நம்மிடம்தான் வருவார்கள். ஏ.எம்.எல். என்ற வகையில், முக்கியமாக மோனோசைட் சார்ந்தவற்றில், ஈறு பல்லை மூடுகிற அளவுக்குப் பொங்கி வீங்கும், தொட்டால் கசியும். அழுக்கு சேர்ந்ததால் வந்த ஈறுவீக்கம் என்று சுத்தம் செய்து அனுப்பிவிடலாம். ஆனால் பிள்ளையின் முகம் வெளுத்திருக்கிறதா, காலில் காரணமில்லாத நீலத் திட்டுகள் இருக்கின்றனவா, வாரக்கணக்கில் காய்ச்சலா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்கேலிங் செய்யுமுன் ஒரு முழு ரத்த எண்ணிக்கை எடுக்கச் சொல்ல எந்த லேபிலும் பெரிய செலவில்லை.

சிகிச்சை முடிந்த பிள்ளைகளைப் பற்றி விரைந்து சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுக்கு முன் கீமோ பெற்றவர்களுக்குச் சில நிரந்தரப் பற்கள் முளைக்காமலே போகும், சில சிறுத்திருக்கும், வேர் குட்டையாக இருக்கும். பதினாலு வயதில் கம்பி மாட்டிக்கொள்ள வரும் பெண்ணிடம் 'சின்ன வயதில் பெரிய சிகிச்சை ஏதாவது நடந்ததா' என்று கேட்காமல் இழுத்தால், குட்டை வேர் தாங்காது. பெற்றோர் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். கல்யாணம் காட்சி என்று ஆயிரம் பயம் அவர்களுக்கு.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் பல் மருத்துவ சங்கக் கிளையின் அடுத்த கூட்டத்தில் கொஞ்ச நேரம் கேட்கப் போகிறேன். இந்தப் பிள்ளைகளைப் பார்க்கச் சம்மதிக்கிறவர்களின் பட்டியல் ஒன்று வேண்டும். பெயர், ஏரியா, போன். அதைப் பெரியாஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டிலும், ஊருக்கு வந்துபோகும் புற்றுநோய் மருத்துவர்களிடமும் கொடுத்துவைக்கலாம். 2023ல் புதுக்கோட்டையில் திறந்த அரசு பல் மருத்துவக் கல்லூரியிடமும் பேசலாம். நம்மால் முடியாத கேஸை அனுப்ப ஓர் இடம் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். பார்க்கச் சம்மதிக்கிறவர்கள் கிளினிக்கின் முதல் நேரத்தை, மற்ற பேஷன்ட் வருமுன்னான அரை மணியை, இவர்களுக்கு ஒதுக்கினால் போதும். இருமுகிறவர்களோடு அந்தப் பிள்ளை வரிசையில் உட்காரக் கூடாது. கட்டணம் உங்கள் இஷ்டம். வெறும் பார்வைக்கு நான் வாங்குவதில்லை.

பிடுங்கவும் வேண்டாம், வேர்சிகிச்சையும் வேண்டாம் என்று நினைப்பவர்களும் பெயர் கொடுக்கலாம். பார்த்து, படம் எடுத்து, டாக்டருக்குப் போன் செய்தால் போதும். ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில் பக்கம் திங்கள், வியாழன் காலை எட்டரை மணி என்னுடையது. மற்ற நாட்களில் யாருக்கு எது ஒத்துவரும் என்று சொல்லுங்கள். உறையூருக்கும் தில்லைநகருக்கும் இன்னும் யாரும் இல்லை.

அன்புடன்,
ஸ்ரீரங்கத்திலிருந்து உங்களில் ஒருத்தி